சுயாதீனத் திரைப்படத்தில் டெட்பேன் பாணி

டெட்பேன் என்பது முகத்தில் சலனம் காட்டாமல், குரலை ஏற்றி இறக்காமல், வேடிக்கையையும் துயரத்தையும் ஒரே தொனியில் சொல்லும் நடிப்பு முறை. மேடை நகைச்சுவையில் வேர்கொண்ட இம்முறை 1980களில் அமெரிக்க, ஐரோப்பிய சுயாதீனத் திரைப்படங்களில் ஒரு தனிப் பாணியாக நிலைபெற்றது. அன்றாடப் பேச்சைப் போல ஒலிக்காத, வேண்டுமென்றே செதுக்கி எழுதிய உரையாடலும் அதனுடன் சேர்ந்துகொண்டது. நடிகர் உணர்ச்சியைக் காட்டாததால் இவற்றை உணர்ச்சியற்ற படங்கள் என்று சொல்வோர் உண்டு. அது தவறான கணிப்பு. நடிகர் அழாமல் விடும் அழுகை பார்வையாளருக்கு வந்து சேர்கிறது. இப்பாணியின் பலமே அதுதான்.

திரையில் இதற்கு முன்னோடி பஸ்டர் கீட்டன் (1895–1966). சிறு வயதிலேயே பெற்றோருடன் வோடவில் என்ற பல்சுவை நிகழ்ச்சி மேடைகளில் ஏறியவர். தந்தை அவரைத் தூக்கி எறிவதுதான் நிகழ்ச்சி. தான் சிரித்தால் அவையோர் சிரிப்பதில்லை என்பதை அங்கேயே கண்டுகொண்டார். ‘ஸ்டீம்போட் பில் ஜூனியர்’ (1928) படத்தில் புயலடித்து ஒரு வீட்டின் முன்சுவர் முழுதாக அவர்மீது சாய்கிறது. மாடிச் சன்னலின் திறப்பு விழும் இடத்தில் நின்றிருந்ததால் பிழைக்கிறார். ஒரு சாண் தள்ளி நின்றிருந்தால் உயிர் போயிருக்கும். அப்போதும் முகம் கலையவில்லை.

பேசும்படக் காலத்தில் நகைச்சுவைக்கு வெளியே இதற்கு வழி திறந்தவர் பிரெஞ்சு இயக்குநர் ராபெர் பிரெஸ்ஸோன். தொழில்முறை நடிகர்களை ஒதுக்கிவிட்டு, ‘மாதிரிகள்’ என்று அவர் அழைத்த புதியவர்களைத் தேர்ந்தெடுத்தார். வசனத்திலிருந்து நடிப்பின் பாவனை உதிரும்வரை அதே காட்சியை மீண்டும் மீண்டும் எடுத்தார். ‘பிக்பாக்கெட்’ (1959) இதற்குச் சிறந்த சான்று.

இந்த இரு மரபுகளும் சேர்ந்து பலன் தந்தது அமெரிக்க இயக்குநர் ஜிம் ஜார்முஷின் ‘ஸ்ட்ரேஞ்சர் தேன் பாரடைஸ்’ (1984) படத்தில். ஜெர்மன் இயக்குநர் விம் வெண்டர்ஸின் படமொன்றில் மிஞ்சிய கறுப்பு-வெள்ளை ஃபிலிமில் குறும்படமாகத் தொடங்கி, மேற்கு ஜெர்மனியின் இசட்.டி.எஃப். தொலைக்காட்சியின் ஆதரவோடு முழுநீளப் படமானது. ஒவ்வொரு காட்சியும் வெட்டில்லாத ஒரே ஷாட். இரு காட்சிகளுக்கு நடுவே வெறும் கறுப்புத் திரை. கைச்சுருக்கத்துக்கும் இந்த வடிவம் ஒத்துவந்தது. ஹங்கேரியிலிருந்து வந்த ஈவாவிடம், தன் முன்னாலிருக்கும் டி.வி. டின்னர் என்ற பொட்டல உணவு எப்படிப்பட்டது என்று அவளுடைய உறவினன் வில்லி விளக்குகிறான். அது இறைச்சி போலவே தெரியவில்லையே என்று அவள் அசையாமல் கேட்கிறாள். பிறகு கிளீவ்லண்டில் ஈரி ஏரியைக் காணப் போகிறார்கள். பனிப்புயலில் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. அமெரிக்கக் கனவைப் பற்றி நீண்ட வசனம் எழுதியிருந்தாலும் இந்த அளவுக்குச் சொல்லியிருக்க முடியாது. கேன்ஸ் விழாவில் அறிமுக இயக்குநருக்கான கேமரா டோர் விருது இதற்குக் கிடைத்தது.

ஃபின்லாந்தின் அகி கௌரிஸ்மாக்கி (பிறப்பு 1957) இப்பாணியைத் தொழிலாளர் வாழ்க்கைக்குக் கொண்டுவந்தார். ‘ஷேடோஸ் இன் பாரடைஸ்’ (1986), ‘ஏரியல்’ (1988), ‘தி மேட்ச் ஃபேக்டரி கேர்ள்’ (1990) ஆகிய மூன்றும் அவருடைய தொழிலாளர் முத்தொகுதி. தமிழைப் போலவே ஃபின்னிய மொழியிலும் எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வெகுவாக விலகியிருக்கின்றன. கௌரிஸ்மாக்கியின் குப்பை வண்டி ஓட்டுநரும் பல்பொருள் அங்காடிக் காசாளரும் எழுத்து வழக்கிலேயே, சுருக்கமாக, இலக்கணம் பிசகாமல் பேசுகிறார்கள். ஃபின்னியக் காதுக்கு இது உடனே விசித்திரமாகப் படும். ஆனால் இதில் கேலி துளியும் கிடையாது. சமூகம் மதிக்காத மனிதர்களுக்கு இயக்குநர் தரும் மரியாதை இது; அவருடைய கலையில் ஆகப் பெரியது இதுவே என்று தயங்காமல் சொல்லலாம். ‘தி மேட்ச் ஃபேக்டரி கேர்ள்’ தொடங்கி நெடுநேரம் மரக்கட்டை தீக்குச்சியாவதைத்தான் பார்க்கிறோம், யாரும் பேசுவதில்லை. எல்லோராலும் ஏமாற்றப்பட்ட நாயகி ஐரிஸ் எலி மருந்து வாங்கும்போது, அவளாக நடித்த காட்டி ஊத்தினெனின் முகத்தில் வன்மமும் இல்லை, கண்ணீரும் இல்லை. நமக்குத்தான் நெஞ்சு பதறுகிறது.

உரையாடலை முதன்மையாக்கியவர் அமெரிக்காவின் ஹால் ஹார்ட்லி (பிறப்பு 1959). அவர் வளர்ந்த லாங் ஐலண்டே ‘தி அன்பிலீவபிள் ட்ரூத்’ (1989), ‘டிரஸ்ட்’ (1990) படங்களின் களம். ஜார்முஷின் மனிதர்கள் பேசத் தயங்குபவர்கள். ஹார்ட்லியின் மனிதர்களோ காதலையும் ஒழுக்கத்தையும் வழக்காடுவது போல வரிசையாக, வேகமாக, பெரும்பாலும் ஒருவரையொருவர் பாராமலே பேசித் தீர்ப்பவர்கள். ‘டிரஸ்ட்’ படத்தில் கர்ப்பிணியான பள்ளி மாணவி மரியாவும், தந்தையின் பழைய கையெறிகுண்டைச் சட்டைப்பையில் வைத்துத் திரியும் மேத்யூவும், திருமணம் செய்வதா என்பதை ஒப்பந்தம் பேசுவது போலப் பேசுகிறார்கள். அதே மரியா உயரமான சுவரிலிருந்து முன்னறிவிப்பில்லாமல் பின்பக்கமாகச் சாயும்போது அவன் ஓடிவந்து தாங்குகிறான். அத்தனை தர்க்கமும் எதை மறைத்து நின்றது என்பது அந்தக் கணத்தில் விளங்கிவிடுகிறது. ‘ஃப்ளர்ட்’ (1995) இன்னும் துணிச்சலானது: ஒரே கதையை, பெரும்பாலும் அதே வசனங்களோடு, நியூயார்க், பெர்லின், டோக்கியோ என மூன்று நகரங்களில் எடுத்தார். ‘ஹென்றி ஃபூல்’ அவருக்குக் கேன்ஸில் சிறந்த திரைக்கதை விருதைப் பெற்றுத் தந்தது.

2000க்குப் பின் ஸ்வீடனின் ராய் ஆண்டர்சன் அசையாத கேமராவோடும், வெஸ் ஆண்டர்சன் சமச்சீரான சட்டகங்களோடும் இப்பாணியைக் கையாண்டனர். கிரேக்க இயக்குநர் யோர்கோஸ் லாந்திமோஸின் ‘டாக்டூத்’ (2009) இதை அச்சத்தின் பக்கம் திருப்பியது. அதில் பெற்றோர் பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்து, கடல் என்றால் நாற்காலி என்று கற்பிக்கிறார்கள். பின்னர் இப்பாணி விளம்பரப் படங்கள்வரை பரவியபோது பலர் முகத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், கருணையை விட்டுவிட்டார்கள். அவற்றில் மிஞ்சியது வெறும் விறைப்பு.

கருணை எவ்வளவு முக்கியம் என்பதற்கு கௌரிஸ்மாக்கியின் ‘ஃபாலன் லீவ்ஸ்’ (2023) சாட்சி. அன்சாவும் ஹோலப்பாவும் முதலில் சேர்ந்து பார்க்கும் படம் ஜார்முஷின் ‘தி டெட் டோன்ட் டை’. அவள் தந்த தொலைபேசி எண் காற்றில் பறந்துவிட, அவன் அதே திரையரங்க வாசலில் காத்திருக்கத் தொடங்குகிறான். பிறகொரு நாள் அங்கு வரும் அன்சா தரையில் குவிந்த சிகரெட் துண்டுகளைப் பார்க்கிறாள், ஒன்றும் சொல்வதில்லை. இப்பாணிக்குப் புதியவர்கள் இந்தப் படத்திலிருந்து தொடங்கி, ‘டிரஸ்ட்’, ‘ஸ்ட்ரேஞ்சர் தேன் பாரடைஸ்’ எனப் பின்னோக்கிப் போவது நல்லது.