விலங்கு இயன்முறை மருத்துவம்

விலங்கு இயன்முறை மருத்துவம் என்பது நோய், காயம், அறுவைச் சிகிச்சை, முதுமை ஆகியவற்றால் இயக்கம் குன்றிய விலங்குகளுக்கு அவ்வியக்கத்தை இயன்றவரை மீட்டளிக்கும் மருத்துவத் துறை ஆகும். அளவிட்ட உடற்பயிற்சி, கைமுறைச் சிகிச்சை, நீர், வெப்பம், குளிர், மின்சாரம் முதலியன இதில் பயன்படுத்தப்படுகின்றன. இது கால்நடை மருத்துவத்திற்கு மாற்று அன்று; நோயறிதல், மருந்து, அறுவைச் சிகிச்சை ஆகியவற்றைத் தொடர்ந்து வரும் மறுவாழ்வுப் பகுதி ஆகும். நாய்களும் குதிரைகளுமே இச்சிகிச்சையை மிகுதியாகப் பெறுகின்றன.

மனிதருக்கு நடக்க இயலாமை ஒரு குறைபாடு மட்டுமே. விலங்குகளின் நிலை வேறு. எழுந்து நிற்க இயலாத குதிரை நெடுநாள் உயிர் வாழ்வதில்லை. பின்னங்கால்கள் செயலிழந்த நாய் பல வீடுகளில் கருணைக்கொலைக்கு உள்ளாகின்றது. ஆகையால் இத்துறையில் இயக்கத்தை மீட்பது பெரும்பாலும் உயிரைக் காப்பதாகவே அமைகின்றது.

வரலாறு

தசைநாண் காயமுற்ற குதிரைகளின் கால்களில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு போடும் வழக்கம் ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் நிலவியது. தமிழகத்திலும் மாடுகளுக்குச் சூடு போடும் வழக்கம் இருந்தது. சூட்டினால் தசைநாண் விரைவில் ஆறுவதில்லை என்பதை 1983இல் பிரித்தானியாவில் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. சூடு போட்டபின் குதிரைக்கு அளிக்கப்பட்ட நீண்ட ஓய்வே முன்பு காணப்பட்ட பயனுக்குக் காரணமாக இருக்கலாம் எனக் கருதப்படுகின்றது.

மனிதருக்கான இயன்முறை மருத்துவத்தை விலங்குகளுக்குப் பயன்படுத்தும் முயற்சி இருபதாம் நூற்றாண்டில் குதிரைகளில் இருந்து தொடங்கியது. இங்கிலாந்தில் சர் சார்லஸ் ஸ்ட்ராங் என்பவர் மின்தூண்டல் முறையைப் பந்தயக் குதிரைகளுக்கும் போலோ குதிரைகளுக்கும் பயன்படுத்தினார். நாய்களுக்கான மறுவாழ்வு சிகிச்சை 1990களில் விரைவாக வளர்ந்தது. 1999இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள கொர்வாலிஸ் நகரில் இத்துறைக்கான முதலாவது பன்னாட்டுக் கருத்தரங்கு நடைபெற்றது. டேரில் மில்லிஸ், டேவிட் லெவின் ஆகியோர் பங்களிப்புடன் 2004இல் வெளியான நாய்களுக்கான மறுவாழ்வு சிகிச்சை நூல் இத்துறையின் அடிப்படைப் பாடநூல்களுள் ஒன்றாகும். 2010இல் கால்நடை விளையாட்டு மருத்துவமும் மறுவாழ்வும் அமெரிக்காவில் தனிச் சிறப்புத் துறையாக ஏற்கப்பட்டன.

அடிப்படைக் கருத்து

எலும்பு, தசை, தசைநாண், குருத்தெலும்பு ஆகிய நான்கும் தம்மீது விழும் சுமைக்கு ஏற்பத் தம்மை அமைத்துக் கொள்பவை. சுமை மிகுந்தால் அவை சிதைகின்றன. சுமையே இல்லாதபோது நலிகின்றன. அசைவின்றி வைக்கப்பட்ட காலில் சில வாரங்களுக்குள் தசை மெலிவதையும் மூட்டு இறுகுவதையும் காணலாம். குருத்தெலும்பில் குருதிக் குழாய்கள் இல்லை. மூட்டு அசையும்போது அழுந்தி விரிவதன் மூலமே அது மூட்டு நீரிலிருந்து ஊட்டத்தைப் பெறுகின்றது. எனவே முழு ஓய்வும் தீங்கு, கட்டற்ற ஓட்டமும் தீங்கு. இவ்விரண்டிற்கும் இடையே ஒவ்வொரு வாரத்திற்கும் உரிய சுமையைக் கணித்துத் தருவதே இம்மருத்துவத்தின் சாரம் ஆகும்.

இக்கணிப்பில் உள்ள பெரிய இடர், விலங்கு தன் வலியைச் சொல்லாது என்பதாகும். குதிரை இயல்பில் வேட்டையாடப்படும் விலங்கு என்பதால் வலியை மறைக்கக் கூடியது. நாய் உரிமையாளரைக் கண்ட மகிழ்ச்சியில் காயத்தை மறந்து பாய்ந்து விடுகின்றது. தான் எந்த அளவோடு நிறுத்த வேண்டும் என்பதை விலங்கு அறியாது. அதனை நடத்துபவரே அறிந்திருக்க வேண்டும்.

மதிப்பீடு

சிகிச்சைக்கு முன் விலங்கின் நடை பல கோணங்களில் பார்க்கப்படுகின்றது. முன்னங்காலில் வலி இருப்பின், அக்கால் தரையில் ஊன்றும்போது விலங்கு தலையை உயர்த்தும்; நலமான கால் ஊன்றும்போது தலையைத் தாழ்த்தும். நாய், குதிரை இரண்டிற்கும் இது பொருந்தும். தொடையின் சுற்றளவை நாடாவால் அளந்து தசை மெலிவும், கோணமானியால் அளந்து மூட்டு மடங்கும் அளவும் பதிவு செய்யப்படுகின்றன. குதிரையின் மூட்டைச் சற்று நேரம் மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓடவிட்டு, நொண்டுதல் மிகுகின்றதா எனப் பார்ப்பதும் உண்டு. பெரிய மருத்துவமனைகளில் ஒவ்வொரு காலும் தரையை அழுத்தும் விசையை அளக்கும் தகடுகள் உள்ளன. இவ்வளவுகள் சில வாரங்களுக்கு ஒருமுறை மீண்டும் எடுக்கப்படுகின்றன.

சிகிச்சை முறைகள்

• குளிர் ஒத்தடம்: காயம் அல்லது அறுவைக்குப் பிந்தைய முதல் சில நாட்களில் வீக்கத்தையும் வலியையும் தணிக்க அளிக்கப்படுகின்றது. பனிக்கட்டி துணியில் சுற்றப்பட்டு ஒரு வேளைக்கு 10 முதல் 20 நிமிடங்கள் வைக்கப்படும்.
• வெப்ப ஒத்தடம்: வீக்கம் தணிந்தபின் இறுகிய தசையையும் மூட்டையும் தளர்த்துவதற்கானது. புதுக்காயத்தில் இது வீக்கத்தை மிகுவிக்கும்.
• மூட்டசைவுப் பயிற்சி: விலங்கு படுத்திருக்க, ஒவ்வொரு மூட்டும் வலி தோன்றாத எல்லைக்குள் கையால் மெதுவாக மடக்கி நீட்டப்படுகின்றது. இது மூட்டு இறுகுவதைத் தடுக்கும், தசையை வளர்க்காது.
• செயற்பயிற்சி: உட்கார்ந்து எழுதல், தாழ்ந்த குறுக்குக் கம்புகளைத் தாண்டி நடத்தல், சரிவில் ஏறுதல், அசையும் பலகையில் நிற்றல் முதலியன.
• நீர்ச் சிகிச்சை: நீச்சலும் நீரில் அமைந்த நடைப்பொறியும் இதில் அடங்கும்.
• கருவிச் சிகிச்சை: மின்தூண்டல், லேசர், மீயொலி, அதிர்ச்சி அலை முதலியன.

நீரில் நடத்தல்

நீரின் மிதப்பு விசை உடலின் எடையைத் தாங்குவதால் காலின் சுமை குறைகின்றது. நிற்கும் நாயின் கணுக்கால் மூட்டு வரை நீர் இருக்கும்போது அதன் கால்கள் உடல் எடையில் சுமார் 91 விழுக்காட்டைத் தாங்குகின்றன. முழங்கால் வரை நீர் உயரும்போது இது 85 விழுக்காடாகவும், இடுப்பு மூட்டு வரை உயரும்போது 38 விழுக்காடாகவும் குறைகின்றது. முழங்காலுக்கும் இடுப்புக்கும் இடையிலேயே பெரும் மாற்றம் நிகழ்வதை இதிலிருந்து அறியலாம். ஆகவே நீரின் உயரத்தை மாற்றுவதன் மூலம் காலின் சுமையைப் படிப்படியாகக் கூட்டவோ குறைக்கவோ இயலும். தரையில் காலை ஊன்ற மறுக்கும் நாய் நீரில் நான்கு கால்களாலும் நடப்பதும் உண்டு.

ஆறாத புண், கட்டுப்படாத இதய நோய், காய்ச்சல் ஆகியவை உள்ள விலங்குகளை நீரில் இறக்குதல் கூடாது. மிரளும் விலங்கை வலிந்து இறக்குவதும் தீங்கையே தரும்.

நாய்கள்

முழங்கால் இணைப்புநார் அறுதல்

நாய்களின் பின்னங்கால் நொண்டுதலுக்கு முதன்மையான காரணங்களுள் முழங்காலின் முன் சிலுவை இணைப்புநார் அறுதல் ஒன்றாகும். மனிதருக்கு இது பெரும்பாலும் விளையாட்டில் திடீரென நிகழ்கின்றது. நாய்களில் அந்நார் மெல்ல நைந்து பின்னர் அறுவதே மிகுதி. அறுவைக்குப் பின் முதல் வாரங்களில் கயிற்றில் பிடித்த குறுநடையும் மூட்டசைவுப் பயிற்சியும் அளிக்கப்படுகின்றன. எலும்பை வெட்டித் தகடு பொருத்தும் அறுவையாயின், எலும்பு கூடியதை எக்சு-கதிர்ப் படத்தால் உறுதி செய்யும்வரை, ஏறத்தாழ 8 வாரங்கள், ஓட்டமும் குதித்தலும் தவிர்க்கப்பட வேண்டும். நாய் நலமாகத் தோன்றத் தொடங்கும் மூன்றாம், நான்காம் வாரங்களில் கட்டுப்பாட்டைத் தளர்த்துவது பொதுவாக நேரும் தவறாகும்.

முதுகெலும்பு வட்டுப் பிதுக்கம்

டாக்சுண்டு போன்ற குட்டைக்கால் இனங்களில் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள வட்டு இளவயதிலேயே உலர்ந்து, பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துகின்றது. நேற்று வரை ஓடிய நாய் இன்று பின்னங்கால்களை இழுத்துச் செல்லும். கால்விரலின் எலும்பை இடுக்கியால் அழுத்தும்போது நாய் வலியை உணர்கின்றதா என்பதே இங்கு முக்கியமான சோதனை. காலை வெறுமனே இழுத்துக் கொள்வது அனிச்சைச் செயலாகவும் இருக்கலாம். தலையைத் திருப்புவதோ குரல் எழுப்புவதோ தான் உணர்வுக்கு அடையாளம். இவ்வுணர்வு எஞ்சியுள்ள நாய்களில் மிகப் பெரும்பாலானவை அறுவைக்குப் பின் மீண்டும் நடக்கின்றன. உணர்வு முற்றாக இழந்தவற்றில் ஏறத்தாழப் பாதியே நடக்கின்றன.

இந்நாய்களுக்குப் பயிற்சியைப் போலவே பேணுதலும் இன்றியமையாதது. மெத்தென்ற படுக்கை, சில மணி நேரத்திற்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல், சிறுநீர்ப்பையைக் கையால் அழுத்தி வெளியேற்றுதல் ஆகியவை தவறினால் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் ஏற்படும். நடை மீளாத நாய்கள் சக்கர வண்டியின் உதவியுடன் பல ஆண்டுகள் வாழ்கின்றன.

மூட்டுத் தேய்வு

முதிய நாய்களிலும் இடுப்பு மூட்டு சரிவர அமையாத நாய்களிலும் காணப்படும் மூட்டுத் தேய்வுக்கு உடல் எடையைக் குறைப்பதே முதற் சிகிச்சை. 48 லாப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்த ஓர் ஆய்வின் முடிவுகள் 2002இல் வெளியாயின. அதில் 25 விழுக்காடு குறைவாக உணவளிக்கப்பட்ட நாய்களின் இடைநிலை ஆயுள் ஏறத்தாழ 1.8 ஆண்டுகள் கூடியிருந்தது. அவற்றுக்கு மூட்டுத் தேய்வும் பிந்தியே தோன்றியது. வழுக்கும் தரையில் சாக்கு அல்லது பாய் விரித்தலும், நாள்தோறும் ஒரே அளவான குறுநடையும் வீட்டிலேயே செய்யத்தக்கவை. மனிதருக்கான வலி மாத்திரைகளை நாய்க்குத் தருதல் ஆகாது. இபுபுரூஃபன் நாயின் இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்க வல்லது.

குதிரைகள்

தசைநாண் காயம்

குதிரையின் முன்னங்கால் முழங்காலுக்குக் கீழே தசை ஏறத்தாழ இல்லை. மேலுள்ள தசைகளின் விசையை நீண்ட தசைநாண்களே குளம்புக்குக் கொண்டு செல்கின்றன. முழு விரைவில் ஓடும்போது இவை அறும் எல்லைக்கு மிக அருகில் வரை நீளுகின்றன. காயமுற்ற தசைநாண் ஆறும்போது முதலில் ஒழுங்கற்ற வடு இழை தோன்றுகின்றது. அவ்விழை சுமையின் திசையில் ஒழுங்குபட வேண்டுமாயின் அளவான சுமை தேவை.

இதற்கான பயிற்சி 9 முதல் 12 மாதங்கள் அல்லது அதற்கு மேலும் நீடிக்கும். வீக்கம் தணிந்தபின் நாளொன்றுக்கு 5 முதல் 10 நிமிடங்கள் கையில் பிடித்து நடத்துவதில் தொடங்கி, நேரம் சிறிது சிறிதாகக் கூட்டப்படுகின்றது. சில மாதங்களுக்குப் பின் மென்னடை ஓட்டமும், அதன்பின் பாய்ச்சலும் சேர்க்கப்படும். ஒவ்வொரு படிக்கும் முன்னர் மீயொலிப் படம் எடுத்துத் தசைநாண் பார்க்கப்படுகின்றது. நொண்டுதல் நின்றுவிட்டதை மட்டும் கொண்டு பந்தயத்திற்கு அனுப்பப்படும் குதிரைகளில் காயம் மீண்டும் நிகழ்வது மிகுதி.

முதுகுப் பயிற்சி

குதிரையின் மார்பு, விலா, முன்னங்கால்கள் ஆகியவற்றருகே கேரட்டைக் காட்டி, அதனை எட்டும்படி கழுத்தை வளைக்கச் செய்வது எளிய பயிற்சி ஆகும். 8 குதிரைகள் 3 மாதங்கள் இதனைச் செய்தபின், முள்ளெலும்புகளைத் தாங்கும் ஆழ்தசையின் பருமன் கூடியிருந்ததை 2011இல் வெளியான ஆய்வு காட்டியது.

கடல் நீரும் மருத்துவக் குளமும்

இங்கிலாந்தின் ரெட் ரம் என்னும் குதிரைக்குக் குளம்பெலும்பு அழற்சி இருந்தது. அதன் பயிற்சியாளர் ஜிஞ்சர் மெக்கெயின் சவுத்போர்ட் கடற்கரையில் அதனைப் பயிற்றுவித்தார்; கடல் நீரிலும் நடத்தினார். அக்குதிரை 1973, 1974, 1977 ஆகிய ஆண்டுகளில் கிராண்ட் நேஷனல் பந்தயத்தை வென்றது. மும்முறை அப்பந்தயத்தை வென்ற ஒரே குதிரை இதுவே.

பார்பாரோவின் முடிவு இதற்கு மாறானது. 2006ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பியை வென்ற அக்குதிரைக்கு இரு வாரங்களுக்குப் பின் பிரீக்னெஸ் பந்தயத்தில் வலப் பின்னங்கால் பல துண்டுகளாக முறிந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் நியூ போல்ட்டன் மையத்தில் உலோகத் தகடும் திருகாணிகளும் பொருத்தப்பட்டன. மயக்கம் தெளியும்போது காலை உதைத்து மீண்டும் முறித்துக் கொள்ளாதிருக்க, குதிரை மிதவையில் வைக்கப்பட்டுக் குளத்தில் இறக்கப்பட்டது. முறிந்த எலும்பு பெருமளவு கூடியது. ஆயினும் எடையை மிகுதியாகத் தாங்கிய இடப் பின்னங்காலில் லேமினைட்டிஸ் எனப்படும் குளம்பு அழற்சி தோன்றி, பின்னர் முன்னங்கால்களுக்கும் பரவியது. 2007 சனவரி 29இல் அது கருணைக்கொலை செய்யப்பட்டது. காயமுற்ற காலை மட்டுமன்றி மற்ற மூன்று கால்களையும் காப்பதே குதிரை மருத்துவத்தின் பெரும் சவால் என்பதற்கு இது எடுத்துக்காட்டாகும்.

சான்றுகளும் வரம்புகளும்

இத்துறையின் எல்லா முறைகளும் ஒரே அளவு சான்று பெற்றவை அல்ல. தண்டுவடம் படிப்படியாகச் சிதையும் நோயுற்ற 22 நாய்களைப் பற்றிய 2006ஆம் ஆண்டு ஆய்வில், தீவிரப் பயிற்சி பெற்றவை சராசரியாக 255 நாட்களும், மிதமான பயிற்சி பெற்றவை 130 நாட்களும், பயிற்சி பெறாதவை 55 நாட்களும் வாழ்ந்தன. எனினும் நாய்கள் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் பிரிக்கப்படாததால், பயிற்சியே முழுக் காரணம் எனக் கூற இயலாது.

மாறாக, வட்டுப் பிதுக்க அறுவை செய்யப்பட்ட 30 நாய்களை அவ்வாறு பிரித்து நடத்திய 2018ஆம் ஆண்டு ஆய்வில், அடிப்படைப் பயிற்சிக்கும் தீவிரப் பயிற்சிக்கும் இடையே மீட்சியில் வேறுபாடு காணப்படவில்லை. இவை உணர்வு முற்றாக இழக்காத நாய்கள் ஆகும். விலையுயர்ந்த கருவிகள் இல்லாத ஊர்களில் வாழ்வோருக்கு இம்முடிவு குறிப்பிடத்தக்கது. காந்தப் பட்டை போன்ற சில முறைகளுக்குச் சான்று மிகக் குறைவு.

சட்ட நிலை

ஐக்கிய இராச்சியத்தில் 1966ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி விலங்குகளின் நோயறிதல் கால்நடை மருத்துவருக்கே உரியது. அவர் விலங்கைப் பார்த்து வழிகாட்டிய பின்னரே பிறர் இயன்முறைச் சிகிச்சை அளிக்கலாம் என 2015ஆம் ஆண்டு ஆணை கூறுகின்றது. இந்தியாவில் 1984ஆம் ஆண்டு இந்திய கால்நடை மருத்துவ மன்றச் சட்டத்தின்படி, கால்நடை மருத்துவத் தொழிலைப் பதிவுபெற்ற மருத்துவரே செய்யலாம். நொண்டுதலுக்கு எலும்புப் புற்றுநோயும் காரணமாக இருக்கக் கூடும். ஆகையால் நோயறியாது தொடங்கும் பயிற்சி காலத்தை வீணாக்குவதோடு உயிருக்கும் இடராகலாம்.

இவற்றையும் பார்க்க

• இயன்முறை மருத்துவம்
• கால்நடை மருத்துவம்
• நாய்
• குதிரை