'தொற்றா நோய்' என்னும் பெயர் சொல்லாமல் விடுவது

நோய்க்கு இடும் பெயரே அதன் காரணத்தை எங்கே தேடுவது என்பதையும் பெரும்பாலும் முடிவுசெய்துவிடுகிறது. நீரிழிவின் வரலாறு இதற்கு நல்ல சான்று.

பழைய பெயர்கள் கண்ணுக்குப் புலப்பட்ட அறிகுறியிலிருந்து பிறந்தவை. வடமொழியின் 'பிரமேகம்' சிறுநீர் மிகுதியைச் சுட்டும். அதன் ஒரு வகையான 'மதுமேகம்' தேனின் இனிமையையும் சேர்த்துச் சொல்லும். கிரேக்கத்தின் 'டயாபடீஸ்' என்பதற்கு ஊடே கடந்து செல்வது என்று பொருள். வங்காளிகள் 'பகுமூத்ர' என்றனர். தமிழின் 'நீரிழிவு' என்பதிலும் இழிதல் இறங்குதலே, இகழ்ச்சி அன்று.

நோயாளியின் சிறுநீரை எறும்பு நாடுவதைச் சரக சம்ஹிதை குறித்துவைத்தது. சுசுருத சம்ஹிதை, பிறப்போடு வருவது, தகாத உணவால் வருவது என நோயை இரண்டாகப் பிரித்தது. முன்னதில் உடல் மெலியும், பின்னதில் பருக்கும் என்றது. வறிய நோயாளி காலணியும் குடையுமின்றி நூறு யோசனை தூரம் நடக்க வேண்டும் என்றும் அது விதித்தது. ஆக, வறியவருக்கும் இந்நோய் வரும் என்பதை அந்நூல் அறிந்திருந்தது.

காலனிய மருத்துவம் அதை மறந்தது. வெப்பமண்டல நாடுகளில் நீரிழிவு பற்றி 1907-இல் பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் விவாதித்தபோது, உடலுழைப்பில்லாத, கற்ற, வசதி படைத்த இந்தியரே முதன்மையாகப் பேசப்பட்டனர். 'பணக்காரர் நோய்' என்ற எண்ணம் வேரூன்றியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 1972-75-இல் நடத்திய ஆய்வில் நகரங்களில் 2.1 விழுக்காட்டினரிடமும், சிற்றூர்களில் 1.5 விழுக்காட்டினரிடமும் இந்நோய் காணப்பட்டது. அக்குழுவின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வில் அவை முறையே 16.4, 8.9 ஆயின. இரு ஆய்வுகளின் முறைகளும் வேறுவேறு என்பதால் எண்களை நேருக்கு நேர் ஒப்பிடுதல் தகாது. ஆயினும் சிற்றூர்களில் பத்தில் ஏறத்தாழ ஒருவருக்கு உள்ள நோயை இனியும் பணக்காரர் நோய் எனல் பொருந்தாது.

இன்றைய பெயர் 'தொற்றா நோய்'. 'தொற்றா' என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். அது நிகழாததைச் சொல்கிறது; நிகழ்வதைச் சொல்வதில்லை. கிருமியால் பரவாது என்ற அளவில் அப்பெயர் சரியே. நோயாளியின் தட்டில் உண்பதாலோ அவரைத் தொடுவதாலோ இந்நோய் வாராது என்பதை அழுத்திச் சொல்வதும் தேவையே. இடர் அடுத்த படியில் எழுகிறது. பிறரிடமிருந்து வராதது தன்னிடமிருந்தே வந்திருக்க வேண்டும் என்று மனம் கணக்கிடுகிறது. 'வாயைக் கட்டவில்லை' என்ற பழி நோயாளியின் தலையில் விழுகிறது.

புனே அருகிலுள்ள சிற்றூர்களில் மருத்துவர் யாஜ்னிக் குழுவினர் 1993 முதல் நடத்திய தாய்மை ஊட்டச்சத்து ஆய்வு இக்கணக்கைக் கலைக்கிறது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை ஏறத்தாழ 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் 3.5 கிலோ. எடையில் இவ்வளவு குறைந்தும், தோலடிக் கொழுப்பு அதே அளவுக்குக் குறையவில்லை. தசையே பெரிதும் குறைந்திருந்தது. இத்தகைய உடலமைப்பு பிற்காலத்தில் நீரிழிவுக்கு இடந்தரும் என்பது அவர்கள் கருத்து. தாயின் ஊட்டக்குறை பிள்ளையின் உடலில் இவ்வாறு எழுதப்படுமாயின், அதற்கு அப்பிள்ளையின் நாவடக்கத்தைக் குறைகூறுவது எவ்வாறு?

உணவுக் கட்டுப்பாடும் நடைப்பயிற்சியும் மருந்தும் வேண்டாம் என்பதன்று என் வாதம். அவை இன்றியமையாதவை. ஆனால் கருவுற்ற பெண்ணின் உணவும், நியாயவிலைக் கடையில் அரிசியோடு பருப்பு கிடைப்பதும், உழைப்பவருக்கு ஓய்வு கிடைப்பதும் நீரிழிவின் வரலாற்றிலேயே அடங்கும். 2010-இல் நோய்களின் பெயர்களை அடுக்கித் தொடங்கப்பட்ட தேசியத் திட்டம், 2023-இல் 'தொற்றா நோய்கள்' என்ற ஒரே பெயருக்குள் வந்தது. பெயர் சுருங்கியதில் தவறில்லை. பொறுப்பும் உடன் சுருங்கிவிடலாகாது.