துண்டு: ஒரு சொல்லின் கூலி வரலாறு

துண்டு என்பது தமிழில் எளிய சொல். தோளில் கிடந்தால் அது மதிப்பு. இடுப்பில் இறங்கினால் பணிவு. வரவைச் செலவு மிஞ்சினால் துண்டு விழுகிறது என்பர். இச்சொல் இலங்கையின் ஆங்கிலச் சட்டத்துள் மொழிபெயர்க்கப்படாமலே புகுந்த வரலாறு, மலையகத்துக்கு வெளியே அதிகம் பேசப்படாதது.

காப்பித் தோட்டங்களுக்கும், 1869இல் தலைகாட்டிய இலைநோய் காப்பியை அழித்தபின் தேயிலைத் தோட்டங்களுக்கும், திருச்சி, சேலம், தஞ்சை, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து ஆள் திரட்டியவர்கள் கங்காணிமார். தோட்டத்துரை பெரியகங்காணிக்கு முன்பணம் கொடுப்பார். வழிச்செலவு, கம்பளி, அரிசி என்று அப்பணம் தொழிலாளியின் பெயரில் பற்றெழுதப்படும். முதற்கூடைக் கொழுந்தைக் கிள்ளுமுன்பே அவர் கடனாளி.

கூலி நாள் வந்தாலும் காசு முழுமையாகக் கைக்கு வருவதில்லை. தோட்டம் வழங்கிய அரிசியின் விலை முதலில் கழியும். பின்னர்க் கங்காணியின் கடன். பல தோட்டங்களில் கூலியே கங்காணி வழியாகத்தான் வந்தது. எவ்வளவு கழித்தார் என்பதை எழுத்தறியாத தொழிலாளி எங்ஙனம் சரிபார்ப்பது? 1889ஆம் ஆண்டுச் சட்டமோ, ஒரு மாதக் கூலியை அம்மாதம் முடிந்து 60 நாள்களுக்குள் கொடுத்தால் போதும் என்றது. உழைத்தவரின் பணம் அதுவரை முதலாளியின் பெட்டியிலேயே இருக்கலாம். அதனைக் கடன் என்று எவரும் அழைக்கவில்லை என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இந்நிலையில் வேறு தோட்டம் செல்ல விரும்பியவருக்குத் தேவைப்பட்டதே துண்டு. இன்ன தொகையைச் செலுத்தினால் இவர்களை விடுவிப்போம் என்று துரை எழுதித் தரும் சீட்டு அது. புதிய தோட்டம் அத்தொகையைக் கட்டி ஆள்களை ஏற்கும்; கடன் தீராது, இடம் மட்டும் மாறும். ஒருவர் பட்ட கடன் ஒரு கூட்டத்தின் தலையில் ஏறுவதும் உண்டு. ஆள் தட்டுப்பாடு மிகுந்தபோது துண்டின் தொகையை ஏற்றிவிட்டு ஆதாயம் கண்ட கங்காணிமாரும் இருந்தனர். துண்டின்றிப் போனவர் ஓடிப்போனவர். முன்னறிவிப்பின்றி வேலையை விட்டவரைச் சிறைக்கு அனுப்ப 1865ஆம் ஆண்டுச் சட்டமே இடமளித்தது.

1921இல் துண்டு முறை சட்டத்தால் தடை செய்யப்பட்டது. இந்திய அரசின் அழுத்தம் அதற்கு ஒரு காரணம். ஆள் கடத்தலும் ஏறிய கடனும் துரைமாருக்கே சுமையாயின என்பது மற்றொன்று. இரக்கம் எத்துணைப் பங்கு வகித்தது என்று கணக்கிட இயலாது. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. அதன்படி மலைநாட்டில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவர்க்கு 32 சதம் என்று விதிக்கப்பட்டது. கொழுந்தெடுத்தவர்களுள் பெரும்பாலோர் பெண்களே. ஆணுக்கு நிகரான கூலியை அவர்கள் பெற 1984 வரை காத்திருக்க நேர்ந்தது.

தஞ்சையிலிருந்து சென்ற கோ. நடேசய்யர், தோட்டத்துள் அயலார் நுழைய முடியாத காலத்தில் புடவை வணிகராக வேடமிட்டு நுழைந்து நிலையைக் கண்டறிந்தார் என்பர். 1931இல் அட்டனை மையமாகக் கொண்டு தொழிற்சங்கம் கண்டவர் அவர். அவருடைய துணைவியார் மீனாட்சி அம்மாள் மக்கள் அறிந்த மெட்டுகளில் பாட்டுக் கட்டி மேடைகளில் பாடினார். கூலிக் கணக்கைப் படிக்க இயலாதவர்க்கு அப்பாட்டே கணக்கு வகுப்பாயிற்று எனலாம். மலையக இலக்கியத்தை எழுதப்பட்ட நூல்களிலிருந்து மட்டும் தொடங்குவோர் அவ்வம்மையாரை எளிதில் தவறவிட்டுவிடுகின்றனர்.

துண்டு போயிற்று, பிடித்தம் வேறு பெயரில் நின்றது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ‘பேர்’ என்பது வழக்கு. குறித்த நிறை கொழுந்து சேராத நாளில் கணக்கப்பிள்ளை ‘அரைப்பேர்’ போடுவார். மழையில் அட்டைக்கடியோடு நின்றது முழு நாளாயினும் ஏட்டில் அவள் பாதிப் பெயருடையவள். 2021இல் நாட்கூலி 1000 ரூபாய் என்று அரசிதழில் வெளியான பின்னரும், நிறை குறைந்ததற்காகப் பாதிக் கூலி பெற்ற பெண்கள் அந்தப் பழைய சொல்லையே சொன்னார்கள்: அரைப்பேர்.