வழிநடையும் தண்ணீர்க் கலமும்



மன்னரின் வரலாறும் போர்களின் வரலாறும் பெருநூல்களாக எழுதப்பட்டுள்ளன. வழிநடந்த மனிதன் தன் தோளிலே தொங்கவிட்டுச் சென்ற தண்ணீர்க் கலத்தின் வரலாற்றை எழுதினோர் மிகச் சிலரே. ஆயினும், உணவின்றிப் பல நாள் தாங்கும் மனித உடல், கடுவெயிலில் நீரின்றிச் சில நாள் தாங்குவதும் அரிது. ஊற்றுக்கும் ஊற்றுக்கும் இடைப்பட்ட நிலத்தைக் கடந்தாலன்றி வேட்டையும் இல்லை, வாணிகமும் இல்லை, யாத்திரையும் இல்லை. அந்நிலத்தைக் கடப்பதற்கு உதவியது நீர்க்கலமேயாகும்.

தென்னாபிரிக்காவிலே டீப்குளூஃப் என்னும் பாறைப் புகலிடத்தில், கோடுகள் கீறப்பெற்ற தீக்கோழி முட்டையோட்டுத் துண்டுகள் பல கண்டெடுக்கப்பட்டன. அவை ஏறத்தாழ 60,000 ஆண்டுப் பழைமையுடையன. வாய்த்துளை இட்ட அடையாளமும் சிலவற்றிற் காணப்படுவதால், அவை நீர்க்கலங்களாகப் பயன்பட்டவை என்று ஆய்வாளர் கொள்வர். கலகாரிப் பாலை நிலத்துச் சான் மக்கள் அண்மைக்காலம் வரையும் இத்தகைய முட்டையோடுகளில் நீர் நிரப்பி, வாயை அடைத்து, வறட்சிக் காலத்திற்கென மணலிற் புதைத்து வைத்தனர். ஒரு முட்டையோடு ஏறக்குறைய ஒரு லீற்றர் நீர் கொள்ளும். இன்று கடைகளில் விற்கும் போத்தல்களுட் பலவும் இதே அளவினவாக இருத்தல் வியப்பன்று. ஒருவர் வருந்தாது சுமக்கக்கூடிய நீரின் அளவு அன்றும் இன்றும் ஒன்றுதானே!

முட்டையோட்டினும் பரந்து வழங்கியது சுரைக்குடுவை. நன்றாக முற்றிய சுரைக்காயைக் காயவிட்டு, காம்புப் பக்கத்திலே வாய் திறந்து, உள்ளிருக்கும் வித்தையும் நாரையும் அகற்றிவிட்டால், இலேசானதும் நீர் கசியாததுமான கலம் கிடைத்துவிடுகிறது. முதலில் ஊற்றும் நீர் கசக்கும். பல முறை ஊறவைத்துக் கொட்டிய பின்னரே குடித்தற்குரியதாகும். ஆபிரிக்காவைத் தாயகமாகக் கொண்ட இச்செடி, அமெரிக்கக் கண்டத்திலே ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் கையில் இருந்தது. உழவுத் தொழில் அங்கே வேரூன்றுவதற்கு முற்பட்ட அக்காலத்தில் சுரை எவ்வாறு கடல் கடந்தது? காய்ந்த சுரைக்காய் அத்திலாந்திக் நீரோட்டத்தில் மிதந்து சென்று கரையேறியிருக்கலாம் என்பது 2014 ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வொன்றின் முடிவு. உண்பதற்கென்பதினும் கலமாகப் பயன்படுத்துவதற்கென்றே மனிதன் வளர்த்த பயிர் இதுவெனலாம். நம் துறவியரின் கமண்டலங்களுட் பல, சுரையினாலும் தேங்காய் ஓட்டினாலும் ஆனவையே.

மண்கலத்தின் சிறப்பு குளிர்ச்சி. கூசாவின் நுண்டுளைகளூடாகக் கசியும் நீர் ஆவியாகுங்கால் உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் கவர்ந்து செல்கின்றது. ஆனால் கூசா வீட்டுத் திண்ணைக்கு உரியது. நெடுவழியில் ஒரு கல்லிற் பட்டால் அதன் கதை முடிந்தது. தோற்பையோ உடையாது, எனினும் நீருக்குத் தோலின் வாடையைத் தந்துவிடும்.

இனி உலோகத்தின் காலம். 1886 ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஹோலும் பிரெஞ்சுக்காரரான ஏரூவும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தால் அலுமினியத்தைப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டனர். அதுவரை விலையுயர்ந்ததாயிருந்த அவ்வுலோகம் மலிந்து, போர்வீரரின் இடுப்பில் நீர்க்கலமாகத் தொங்கலாயிற்று. 1892 இல் சேர் ஜேம்ஸ் டூவர், கடுங்குளிரான திரவ வாயுக்களைக் காப்பதற்கென, இரு சுவர்களுக்கிடையே வெற்றிடம் அமைந்த கண்ணாடிக் குடுவையை ஆக்கினார். அவர் அதற்கு உரிமைப்பத்திரம் பெறவில்லை. 1904 இல் ஜெர்மனியில் அது 'தெர்மோஸ்' என்னும் பெயருடன் விற்பனைக்கு வந்தபோது ஊதியம் பிறரைச் சேர்ந்தது.

1913 ஆம் ஆண்டு, ஷெபீல்ட் நகரத்து ஹரி பிரியேர்லி துப்பாக்கிக் குழலின் தேய்வைத் தடுக்கவெனப் பல உருக்குகளை ஆராய்ந்தார். குரோமியம் மிகுதியாய்க் கலந்த உருக்கு அரிப்புக்கு அசையாதிருத்தலை அவர் கண்டார். நாம் 'எவர்சில்வர்' என்று வழங்கும் கறையில் உருக்கு இக்குடும்பத்தது. காற்றுப்பட்ட குரோமியம் கண்ணுக்குத் தோன்றாத மெல்லிய படலமாய் மேற்பரப்பை மூடிக்கொள்கின்றது. கீறல் விழுந்தாலும் அப்படலம் தானே மீண்டும் உண்டாகும். அலுமினியத்திற்கோ, புளிப்பான பானங்கள் அதனை அரிக்குமாதலால், உட்பூச்சு வேண்டும். அடிபட்டு நெளிந்தாற் பூச்சும் வெடிக்கலாம்.

மேற்சொன்ன கலங்கள் யாவற்றுக்கும் பொதுவான ஓர் இயல்பு உண்டு: அவற்றை ஒருவரும் ஒருமுறை குடித்துவிட்டு எறிந்திலர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியே இவ்வழக்கத்தைப் பரப்பியது. 1941 இல் இங்கிலாந்தில் உரிமைப்பத்திரம் கோரப்பெற்ற ஒருவகை இழைப்பொருளிலிருந்து, 1973 இல் அமெரிக்கரான நதானியேல் வயத் வாயுப்பானங்களைத் தாங்கவல்ல போத்தலுக்கு உரிமை பெற்றார். அது நல்ல பொறியியல், குறை கூறுதற்கில்லை. ஒரு மணி நேரத் தேவைக்கெனப் பல தலைமுறைக்கு அழியாத பொருளைப் பயன்படுத்தியதே பிழை. செல்வச்சந்நிதியிலிருந்து கிழக்குக் கரை வழியாக உகந்தைக்கு வந்து, குமண, யால காடுகளூடு கதிர்காமம் செல்லும் அடியார்க்கு நீர் உயிர்நாடி. ஆனால் அவ்வழியில் எறியப்படும் போத்தல், எறிந்தவரின் பேரன் யாத்திரை வருங்காலத்தும் அங்கே கிடக்கும்.

மீளப் பயன்படும் பிளாஸ்டிக் கலமும் ஆய்ந்து கொள்ளற்பாலது. பிஸ்பீனோல் ஏ என்னும் பொருள் கலந்த குழந்தைப் போத்தல்களைத் தடைசெய்யப் போவதாகக் கனடா 2008 இல் அறிவித்தபின், வேறு பல நாடுகளும் அவ்வழி சென்றன.

அப்படியாயின் வழிநடைக்கு எதனைக் கொள்வது? ஒற்றைச் சுவருடைய கறையில் உருக்குப் போத்தலையே யான் தெரிவேன். ஓர் உருக்குப் போத்தலைச் செய்தற்குச் செலவாகும் சக்தி, ஒரு பிளாஸ்டிக் போத்தலுக்கு ஆவதினும் பன்மடங்கு என்பது உண்மையே. ஆகவே ஆண்டுதோறும் புதிய நிறத்தில் ஒன்று வாங்குபவர் இயற்கைக்கு உதவியவராகார்; ஒன்றைப் பல்லாண்டு வைத்திருப்பவரே அக்கடனைத் தீர்ப்பவர். வாங்குங்கால் மூடியைப் பாருங்கள்; உடல் நிலைத்தாலும் முதலிற் கெடுவது மூடியும் அதனுள் இருக்கும் இறப்பர் வளையமுமே. அவ்வளையம் தனியே கிடைக்குமா என்று கடைக்காரரைக் கேளுங்கள். வாய், கை நுழையாவிடினும் தூரிகை நுழையும் அகலமுடையதாய் இருத்தல் வேண்டும். வெற்றிடச் சுவருள்ள போத்தல் குளிரையும் சூட்டையும் காக்கும். ஆயினும் பாரம் கூடியது. அதனை ஒருபோதும் தீயில் வைத்தலாகாது. மூடுண்ட சுவர் வெடித்துவிடலாம். பூச்சற்ற ஒற்றைச் சுவர்க் கலமோ, மூடியைக் கழற்றிவிட்டால், காட்டாற்று நீரைக் கொதிக்கவைக்கும் அடுப்புப் பாத்திரமாகவும் உதவும்.