வாசல்வரை வந்த தீக்குழம்பு

புதுச்சேரியில் சாரம் பகுதியில் வீடு கட்டக் கடைக்கால் தோண்டினால் மண் வரும், மணல் வரும். எரிமலை கக்கிய கருங்கல் வராது. புதுச்சேரியின் தரை ஆறும் கடலும் கொண்டுவந்து சேர்த்தது. இன்றைய இந்திய எல்லைக்குள் உயிரோடிருக்கும் ஒரே எரிமலை, அந்தமானில் போர்ட் பிளேருக்கு வடகிழக்கே சுமார் 140 கி.மீ. தள்ளிக் கிடக்கும் பாரன் தீவு. 1787-இல் அது குமுறியது ஏட்டில் ஏறியது. நெடுங்காலம் அடங்கிக் கிடந்து 1991-இல் மறுபடி எழுந்தது. அங்கே குடியிருப்பு கிடையாது. அது எத்தனை முறை பொங்கினாலும் எரிவதற்கு ஒரு வீடு இல்லை.

ஆனாலும் எரிமலைக் குழம்பு ஊருக்குள் புகுந்த கதை புதுவைக்கு அந்நியமானது அல்ல. புதுவையிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் கப்பலேறிய தமிழர்களின் சந்ததி, உலகில் அடிக்கடி வெடிக்கும் எரிமலைகளில் ஒன்று இருக்கும் தீவில் வாழ்கிறது. இங்கிருந்து சுமார் 4,500 கி.மீ. தென்மேற்கே, இந்தியப் பெருங்கடலில் உள்ள ரெயூனியன் அந்தத் தீவு. பழைய பிரெஞ்சு ஆவணங்களில் அதற்கு பூர்போன் என்று பெயர்.

1848 டிசம்பர் 20 அன்று ரெயூனியனில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகள் ஆள் தேடினார்கள். அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, 1820களின் இறுதியில், ஏனாம் பக்கத்திலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுபோய்ப் பார்த்திருந்தார்கள். இப்போது அதையே பெரிய அளவில் தொடங்கினார்கள். பிரெஞ்சுப் பகுதிகளிலிருந்து கிடைத்த ஆட்கள் போதவில்லை. 1860-இல் ஆங்கிலேயரோடு ஓர் உடன்படிக்கை செய்து, பிரிட்டிஷ் இந்தியாவிலும் ஆள் எடுக்க உரிமை வாங்கினார்கள். தஞ்சாவூர், தென்னாற்காடு ஊர்களிலிருந்து வந்தவர்கள் புதுவையிலும் காரைக்காலிலும் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தார்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் என்பது காகிதத்தில். தோட்டங்களில் நடந்த கொடுமைகள் வெளியே கசிய, 1882-இல் ஆங்கில அரசு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அதற்குள் லட்சத்துக்கும் மேற்பட்டோர் போயிருந்தார்கள். திரும்பி வந்தவர்கள் கொஞ்சம். அங்கேயே தங்கிவிட்டவர்கள் அதிகம். தீவில் அவர்களுக்கு 'மலபார்' என்று பெயர் விழுந்தது. மலபார் கரைக்கும் அவர்களில் பெரும்பாலோருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. இன்று தீவின் மக்களில் ஏறக்குறைய கால் பங்கினர் அவர்கள் வழி வந்தவர்கள். ராமசாமியும் முத்துசாமியும் பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் வீட்டுப் பெயராகிவிட்டார்கள்.

மழை கொட்டும் கிழக்குக் கரையில்தான் கரும்பு செழித்தது. சேந்த்-ஆந்த்ரேயிலிருந்து சேந்த்-பெனுவா, சேந்த்-ரோஸ் வரை நீளும் அந்தக் கரையில் கோயில்கள் எழுந்தன. அதே கரையின் தென்கோடியில், 2,632 மீட்டர் உயரத்தில், ஃபூர்னேஸ் எரிமலை நிற்கிறது.

அந்த எரிமலைக்கும் இந்தியாவுக்கும் தமிழர்கள் போவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே உறவு உண்டு. ரெயூனியனுக்கு அடியில், பூமியின் ஆழத்திலிருந்து சூடு மேலெழும் ஓர் ஊற்று இருக்கிறது. ஊற்று ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்கிறது. மேலே இருக்கும் புவித்தட்டுதான் நகர்கிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அந்த ஊற்றின் மேலே இருந்தது இந்திய நிலப்பரப்பு. அப்போது பொங்கி வழிந்த குழம்புதான் இன்று சுமார் 5 லட்சம் சதுர கி.மீ. பரப்பில் தக்காணமாகக் கிடக்கிறது. அஜந்தா, எல்லோரா குடைவரைகள் அந்தக் கருங்கல்லில்தான் வெட்டப்பட்டன. இந்தியா வடக்கே நகர நகர, பின்னால் லட்சத்தீவு, மாலத்தீவு, சாகோஸ் என்று அதே ஊற்று கடலடியில் ஒரு மலைத்தொடரை எழுப்பிக்கொண்டே போனது. கடைசியாக மொரீஷியஸ், அதற்கும் பிறகு ரெயூனியன்.

தக்காணத்துக் குழம்பில் ஒரு பகுதி பழைய ஆற்றுப் பள்ளங்கள் வழியே சுமார் ஆயிரம் கி.மீ. ஓடி வங்கக் கடல்வரை வந்தது. ராஜமுந்திரி பக்கத்துக் குவாரிகளில் இன்றும் அந்தக் கல்லை உடைக்கிறார்கள். அங்கிருந்து கோதாவரி வழியே கீழே இறங்கினால் ஏனாம், புதுச்சேரி ஒன்றியப் பிரதேசத்தின் ஒரு துண்டு. முதல் ஒப்பந்தக் கூலிகள் புறப்பட்டது அந்தப் பக்கத்திலிருந்துதான். அந்தக் கல்லைக் கக்கிய அதே ஊற்றின் மேலேயே போய் இறங்குகிறோம் என்பது அவர்களில் ஒருவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. இந்த வரலாற்றைப் படிக்கும்போது வேறெதையும்விட மனத்தை உலுக்குவது இதுதான்.

ஃபூர்னேஸ் எரிமலைக்கு இயற்கையே ஒரு மதில் கட்டித் தந்திருக்கிறது. உச்சியைச் சுற்றி, குதிரை லாடம் போல வளைந்து, செங்குத்தான பாறைச் சுவர் எழுந்து நிற்கிறது. கிழக்குப் பக்கம் மட்டும் கடலை நோக்கித் திறந்திருக்கிறது. பெரும்பாலான வெடிப்புகள் இந்த மதிலுக்குள்ளேயே நடக்கின்றன. குழம்பு கிழக்குச் சரிவில் இறங்கிக் கடலில் விழும், அல்லது வழியிலேயே ஆறிப்போகும். அந்தச் சரிவுக்கு 'கிரான் புருலே' என்று பெயர். அங்கே யாரும் வீடு கட்டுவதில்லை. 17ஆம் நூற்றாண்டிலிருந்து 150-க்கும் மேற்பட்ட வெடிப்புகள் பதிவாகியும் அங்கே உயிர்ச்சேதம் அரிதாக இருப்பதற்கு இந்த மதில்தான் முதல் காரணம். மதிலின் இருபுறமும் ஊர்கள்: வடக்கே சேந்த்-ரோஸ், தெற்கே சேந்த்-பிலிப். மதிலுக்குள் என்ன நடந்தாலும் நமக்கில்லை என்ற நிம்மதி தலைமுறை தலைமுறையாக அங்கே ஊறியிருந்தது.

1977 ஏப்ரலில் அந்த நிம்மதி போயிற்று. மலைக்குள் ஏறிய குழம்பு உச்சிக்குப் போகாமல் பக்கவாட்டில் வழி தேடி, மதிலுக்கு வெளியே, வடகிழக்குச் சரிவில் நிலத்தைப் பிளந்தது. அந்த ஆண்டு ஈஸ்டர் ஏப்ரல் 10. அதை ஒட்டிய நாட்களில், சில நூறு மீட்டர் உயரத்திலேயே பிளவு திறந்துகொண்டது. கீழே பித்தோன்-சேந்த்-ரோஸ் கிராமம். கரும்பு, வாழை, சாலையோர வீடுகள், ஒரு மாதாகோயில். பிளவுக்கும் ஊருக்கும் நடுவே மதிலும் இல்லை, பள்ளத்தாக்கும் இல்லை. கிராமத்தைக் காலி செய்தார்கள்.

எரிமலைக் குழம்பு என்றதும் சிவந்த ஆறு பாய்ந்து வருவதாக நினைக்கிறோம். பிளவின் வாயருகே, 1,100 டிகிரிக்கு மேற்பட்ட சூட்டில், அது அப்படித்தான் ஓடும். ஊரை எட்டும்போது உருவமே மாறியிருக்கும். முன்னே வருவது ஓர் ஆளைவிட உயரமான கறுப்புக் கல் மேடு. மேற்பரப்பு ஆறி, உடைந்து, முள்முள்ளாகக் கிடக்கும். உள்ளே இன்னும் உருகிய குழம்பு தள்ளிக்கொண்டே இருக்கும். மேட்டின் நெற்றியிலிருந்து ஒரு பாறை கழன்று உருளும்; அது இருந்த இடத்தில் ஒரு கணம் சிவப்புத் தெரியும், உடனே கறுத்துவிடும். உருண்ட பாறையின் மேலேயே மேடு ஏறி நகரும். கண்ணாடிச் சில்லுகளைக் கூடையில் கொட்டுவது போன்ற சத்தம் இடைவிடாமல் கேட்கும். குழம்பு தொடுவதற்கு முன்பே அனலில் கரும்பின் தோகை சுருண்டு பற்றிக்கொள்ளும். மனிதன் நடந்தே தப்பித்துவிடலாம். வீட்டால் முடியாது. சாமான்களை ஏற்றிக்கொண்டு, சற்றுத் தள்ளி நின்று, நம் வீட்டுச் சுவர் எப்போது விழும் என்று பார்த்துக்கொண்டிருக்கவேண்டிய அழிவு இது. நிலநடுக்கத்திலும் ஆழிப்பேரலையிலும் அந்த அவகாசம் கிடையாது. அது வரமா சாபமா என்பதைப் பார்த்து நின்றவர்கள்தான் சொல்ல முடியும்.

குழம்பு சாலையைக் கடந்தது. வழியிலிருந்த வீடுகள் எரிந்து புதைந்தன. மாதாகோயிலை எட்டியபோது இரண்டாகப் பிரிந்து பக்கச் சுவர்களை ஒட்டி வளைந்தது. முன்வாசலில் ஏறி, அங்கேயே நின்றுவிட்டது. கட்டடம் தப்பியது. ஓர் உயிரும் போகவில்லை. பிறகு வாசலில் உறைந்த கல்லை வெட்டியெடுத்து, கோயிலைத் திறந்து, 'லாவாக்களின் மாதா' என்று புதுப் பெயர் வைத்தார்கள். இன்றும் சுவரை ஒட்டி அந்தக் கறுப்புக் கல் கிடக்கிறது.

குழம்பு ஏன் அங்கே நின்றது? மேலே பிளவிலிருந்து வரத்து குறைந்துவிட்டால், முன்முனை எங்கிருக்கிறதோ அங்கேயே உறையும் என்கிறது புவியியல். ஊராருக்கு அது மாதாவின் அருள். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் காலையில் மாதாகோயிலுக்கும் பிறகு அம்மன் கோயிலுக்கும் போகும் மலபார் குடும்பங்கள் நிறைந்த தீவு அது. இதே பகுதியில், குடை பிடித்த மாதா சிலை ஒன்று எரிமலையிலிருந்து பயிரைக் காக்கிறாள் என்று வைக்கப்பட்டிருந்தது. பின்னாளில் குழம்பு நெருங்கியபோது, காக்க வந்த மாதாவை ஊரார் தூக்கிக்கொண்டுபோய்க் காப்பாற்றினார்கள். அந்த அன்பைக் குறைத்து மதிப்பிட யாருக்கும் உரிமையில்லை.

குறை சொல்ல வேண்டியது அரசை. 1946-லேயே ரெயூனியன் பிரான்சின் முழு மாவட்டமாகிவிட்டது. ஆனால் 1977 வரை இத்தனை சுறுசுறுப்பான எரிமலைக்குப் பக்கத்தில் ஒரு நிரந்தர ஆய்வு நிலையம் கிடையாது. பாரிசில் புவி இயற்பியல் நிறுவனம் இருந்தது, கருவிகள் இருந்தன, அறிஞர்கள் இருந்தார்கள். தொலைவில் இருக்கும் தோட்டத் தீவின் கரும்புத் தொழிலாளர்களுக்காக அவற்றைக் கப்பலேற்ற, வீடுகள் எரியும்வரை காத்திருந்தார்கள். 1977-க்குப் பிறகு, 1979-இல்தான் நிலையம் அமைந்தது. பிளென் தெ காஃப்ர் மேட்டுநிலத்திலிருந்து இன்றும் அது இயங்குகிறது.

அங்கே பார்க்கும் வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். குழம்பு மேலேறும்போது பாறை விரிசல்விடும். சிறு சிறு அதிர்வுகள் கூட்டமாகப் பதிவாகும். மலையின் வயிறு மில்லிமீட்டர் கணக்கில் உப்பும், சரிவு மிக நுண்ணிய அளவில் சாயும், வாயுக்களின் அளவு மாறும். இவற்றை வைத்து எச்சரிக்கை போகிறது. முதல் கட்டத்திலேயே மலையேறிகளை மதிலுக்குள்ளிருந்து வெளியேற்றி வழியை அடைத்துவிடுகிறார்கள். வெடிப்பு மதிலுக்கு உள்ளேயா வெளியேயா என்பதற்குத் தனித்தனி நிலை உண்டு. 1977 கற்றுத் தந்தது அது.

1986 மார்ச்சில் அந்த ஏற்பாட்டுக்குச் சோதனை வந்தது. இம்முறை மதிலுக்கு வெளியே தெற்குப் பக்கம், சேந்த்-பிலிப் பகுதியில் நிலம் பிளந்தது. தகாமகாவில் வீடுகள் போயின. குழம்பு கடலில் இறங்கி, தீவின் கரையைப் புதிதாக நீட்டியது.

உலகத்தில் வேறு ஊர்கள் குழம்போடு சண்டை போட்டுப் பார்த்திருக்கின்றன. 1669-இல் சிசிலியின் எட்னா பொங்கி கட்டானியா நகரை நோக்கி வந்தபோது, தியேகோ பப்பலார்தோ என்பவர் சுமார் ஐம்பது பேரோடு, அனலைத் தாங்க ஈரமான மாட்டுத்தோல் போர்த்துக்கொண்டு, குழம்பு ஓடும் கால்வாயின் கரையை இரும்புக் கம்பிகளால் உடைத்தார். குழம்பு திசை மாறியது, ஆனால் பக்கத்து ஊரான பத்தெர்னோவை நோக்கி. அந்த ஊர்க்காரர்கள் ஆயுதங்களோடு திரண்டு வந்து வேலையை நிறுத்தினார்கள். குழம்பு பழைய வழிக்கே திரும்பி கட்டானியாவின் மேற்குப் பகுதியை அழித்தது. மூன்று நூற்றாண்டுக்குப் பிறகு, 1973 ஜனவரியில், ஐஸ்லாந்தின் ஹேய்மாய் தீவில் நள்ளிரவில் நிலம் பிளந்தது. துறைமுகத்தில் நின்ற மீன்பிடிப் படகுகளில் சுமார் 5,000 பேரை அன்றிரவே வெளியேற்றினார்கள். பிறகு மாதக்கணக்கில் கடல்நீரை இறைத்துக் குழம்பின் மேல் பாய்ச்சித் துறைமுகத்தைக் காப்பாற்றினார்கள். ஏறக்குறைய 400 வீடுகள் போயின. மீன்பிடித் தொழில் பிழைத்தது. ரெயூனியனின் கிழக்குச் சரிவில் இவையெல்லாம் நடக்காது. மலை செங்குத்து, கடல் பக்கத்தில், அவகாசம் சில மணி நேரம். ஒதுங்கி வழிவிடுவதும், ஆறிய பிறகு திரும்பி வருவதும்தான் அங்கே வழக்கம்.

திரும்பி வந்தே தீருகிறார்கள். கிழக்குக் கரையின் நெடுஞ்சாலையைக் குழம்பு வெட்டும்போதெல்லாம், உறைந்த கல்லின் மேலேயே புதிதாகச் சாலை போடுகிறார்கள். சாலையோரத்தில் ஒவ்வொரு குழம்புப் படுகைக்கும் அது வந்த ஆண்டைப் பலகையில் எழுதி நட்டிருக்கிறார்கள். பழைய படுகையில் பெரணியும் மரங்களும் அடர்ந்திருக்கும். அடுத்ததில் சாம்பல் நிறப் பாசி மட்டும். புதியதில் வெறும் கறுப்பு.

அந்தப் பலகைகளில் பெரிய ஆண்டு 2007. ஏப்ரல் 2 அன்று மதிலின் தென்கோடியில், சுமார் 600 மீட்டர் உயரத்தில் பிளவு திறந்தது. மதிலுக்கு உள்ளேதான், ஆனால் மதில் ஓரத்து லெ த்ரோம்ப்லே கிராமத்துக்கு மிக அருகே. சாலை ஒன்றரை கி.மீ. அகலத்துக்குப் புதைந்தது. குழம்பு கடலைத் தொட்ட இடத்தில் எழுந்த அமில ஆவி கிராமத்தின் மேல் படிந்தது. கண்ணாடி இழைகள் காற்றில் மிதந்து வந்து கூரைகளிலும் தோட்டங்களிலும் விழுந்தன. காடு தீப்பிடித்தது. ஊரைக் காலி செய்தார்கள். சில நாட்களில், உள்ளிருந்த குழம்பெல்லாம் பக்கவாட்டில் வடிந்துவிட்டதால், உச்சியிலிருந்த தொலோமியு பள்ளம் சுமார் 300 மீட்டர் உள்வாங்கியது. குழம்பு இறங்கிய கடலில் ஆழ்கடல் மீன்கள் செத்து மிதந்தன. கிராமத்தின் வீடுகள் தப்பின. வெடிப்பு மே 1 அன்று ஓய்ந்தது. புதைந்த சாலைக்கு மாற்றுப் போட்ட பிறகும், மழை பெய்தால் ஆண்டுக்கணக்கில் அந்தக் கல்லிலிருந்து ஆவி எழுந்தது.

இந்த மலையடிவாரத்து மலபார்கள் ஆண்டுதோறும் தாங்களாகவே தேடிப்போகும் நெருப்பு ஒன்று உண்டு. விழுப்புரம், புதுவை வட்டாரத்து திரௌபதி அம்மன் தீமிதி கடல் கடந்து, தோட்ட முதலாளிகளின் கெடுபிடிக்கு நடுவிலும் 'பாண்டியாலே' விழாவாக அங்கே நிலைத்த வரலாற்றை அடுத்த இதழில் பார்ப்போம்.

(தொடரும்)