ஆயில் சீல் (இஞ்சின்)

இஞ்சினுக்குள் சுழலும் தண்டு வெளியே தலைநீட்டும் இடத்தில் எண்ணெய் ஒழுகாமல் தடுக்கும் வளையம். கிராங்க் தண்டின் இரு முனைகளிலும் கேம் தண்டிலும் இருக்கும். இரும்புக் கூடு, ரப்பர் உதடு, உதட்டைத் தண்டோடு இறுக்கும் மெல்லிய ஸ்பிரிங் ஆகியவை சேர்ந்ததே சீல். சூட்டில் ரப்பர் விறைத்துப்போவதே பெரும்பாலும் கசிவுக்குக் காரணம். கிராங்க் அறையின் காற்றுப்போக்கி வால்வு அடைத்துக்கொண்டால் உள்ளழுத்தம் ஏறி நல்ல சீலும் கசியும். அதைப் பார்க்காமல் சீலை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

முன்பக்க கிராங்க் சீலைப் பல கார்களில் வீட்டிலேயே மாற்றலாம். பெல்ட்டையும் புல்லியையும் கழற்றி, தண்டில் கீறல் விழாமல் பழையதை நெம்பி எடுக்க வேண்டும். தண்டின் மேல் நகத்தை ஓட்டினால், உதடு உரசி விழுந்த பள்ளம் தட்டுப்படும். அப்படியிருந்தால் புது சீலின் உதடு அதே தடத்தில் உட்காரக் கூடாது. ஸ்பிரிங் உள்ள பக்கம் இஞ்சினை நோக்கியிருக்க, உதட்டில் எண்ணெய் தடவி, வளையத்தின் விட்டத்துக்கு ஒத்த குழாயை வைத்துச் சீராகத் தட்டி இறக்குவார்கள். டெஃப்லான் உதடு கொண்டவற்றுக்கு எண்ணெய் ஆகாது. டைமிங் பெல்ட்டில் எண்ணெய் ஊறியிருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும்.

பின்பக்க சீலுக்கு கியர் பாக்ஸையே இறக்க வேண்டும்; அது மெக்கானிக் வேலை. அங்கே ஒழுகும் எண்ணெய் கிளட்ச் தட்டில் பட்டால் வண்டி ஏற்றத்தில் இழுக்காது. கொல்லிமலையில் காரவல்லியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி, அறப்பளீசுவரர் கோயில் உள்ள வளப்பூர் நாட்டுக்குப் போகிறவர்கள் அடிவாரத்திலேயே ஆயில் அளவைப் பார்த்துவிடுவது நல்லது.