கல்விப் பணிகளில் கட்டற்ற படிமங்கள்

கட்டற்ற படிமம் என்பது, எவரும் தனியே இசைவு கேட்காமல், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்டுப் பயன்படுத்தவும் படியெடுக்கவும் மாற்றியமைக்கவும் பகிரவும் கூடிய ஒளிப்படம், ஓவியம், வரைபடம் முதலியவற்றைக் குறிக்கும். பள்ளி, கல்லூரி மாணவர்கள் தமது செயல்திட்டங்களுக்கு இணையத்திலிருந்து படங்களை எடுப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் இணையத்தில் பணமின்றிக் காணக்கிடைக்கும் படங்கள் அனைத்தும் கட்டற்றவை அல்ல. தேடுபொறி படத்தைக் காட்டுகிறதே தவிர, அதைப் பயன்படுத்தும் உரிமையைத் தருவதில்லை.

பொருளின் உரிமையும் படத்தின் உரிமையும்

தருமபுரி மாவட்டம் அரூரில் பயிலும் மாணவர் ஒருவர் தீர்த்தமலை பற்றியும் அவ்வட்டார நடுகற்கள் பற்றியும் செயல்திட்டம் ஒன்றை உருவாக்குவதாகக் கொள்ளலாம். நடுகற்கள் பல நூற்றாண்டுகள் பழமையானவை. அவற்றுக்கு இன்று பதிப்புரிமை இல்லை. ஆயினும் அந்நடுகல்லை ஒருவர் சென்ற ஆண்டு எடுத்த ஒளிப்படத்துக்குப் பதிப்புரிமை உண்டு. ஆகவே, எந்தப் படத்தைக் குறித்தும் இரண்டு கேள்விகள் எழுகின்றன: படத்தில் உள்ள பொருளுக்கு உரிமை உள்ளதா? படத்தின் உரிமை யாருடையது?

பொதுவிடத்தில் நிலையாக நிறுவப்பட்ட புதிய சிலையைப் படமெடுத்து வெளியிடுவதை இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. கட்டடங்களுக்கும் இத்தகைய விலக்கு உண்டு. சிலைகளுக்கான விலக்கில் ஓவியங்கள் குறிப்பிடப்படவில்லை. எனவே அண்மைக்காலச் சுவரோவியங்களின் படங்களை வெளியிடும்போது கவனம் தேவை.

இந்தியச் சட்டம்

இந்தியாவில் 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் நடைமுறையில் உள்ளது. படம் எடுக்கப்பட்ட உடனேயே உரிமை தோன்றிவிடுகிறது. பதிவு செய்யவோ, படத்தின்மேல் உரிமைக் குறியீடு இடவோ தேவையில்லை. முன்னர் ஒளிப்படங்களுக்கு வெளியிட்ட ஆண்டிலிருந்து உரிமைக்காலம் கணக்கிடப்பட்டது. 2012ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், பிற கலைப்படைப்புகளைப் போலவே, ஆக்கியவரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் உரிமை நீடிக்கிறது.

இதே சட்டம் கல்விக்குச் சில விலக்குகளைத் தருகிறது. கற்பித்தலின் போக்கில் ஆசிரியரோ மாணவரோ ஒரு படைப்பைப் படியெடுப்பதும், தேர்வு வினாக்களிலும் விடைகளிலும் அதைப் பயன்படுத்துவதும் உரிமை மீறல் ஆகா. தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூற்பகுதிகளை ஒளிப்படி எடுத்தது குறித்த வழக்கில், கற்பித்தல் என்பது வகுப்பறை விரிவுரையோடு முடிந்துவிடுவதில்லை எனத் தில்லி உயர்நீதிமன்றம் 2016இல் கருத்துத் தெரிவித்தது.

இவ்விலக்கு கற்பித்தலுக்கானது, பொது வெளியீட்டுக்கானது அன்று. ஆசிரியரிடம் ஒப்படைக்கும் ஏட்டில் ஒட்டிய படத்தை அப்படியே இணையத்தளத்திலோ, விற்பனைக்குரிய மலரிலோ வெளியிட்டால் நிலைமை மாறிவிடுகிறது. செயல்திட்டம் எப்போது வகுப்பறையை விட்டு வெளியேறும் என்பது தொடக்கத்தில் தெரிவதில்லை. ஆதலால் முதலிலேயே கட்டற்ற படங்களைத் தேர்வது நன்று.

உரிமங்கள்

2001இல் நிறுவப்பட்ட கிரியேட்டிவ் காமன்சு (படைப்பாக்கப் பொதுமங்கள்) அமைப்பு, 2002 இறுதியில் தன் முதல் உரிமங்களை வெளியிட்டது. அவற்றின் அடிப்படைக் கூறுகள் நான்கு:

குறிப்பிடுதல் - ஆக்கியவரின் பெயரைத் தர வேண்டும்.
அதே மாதிரிப் பகிர்தல் - மாற்றியமைத்த படைப்பை அதே உரிமத்தில் வெளியிட வேண்டும்.
வணிக நோக்கமின்மை - வணிகப் பயன்பாடு கூடாது.
வழிப்படைப்பின்மை - மாற்றியமைத்ததை வெளியிடக் கூடாது.

பின்னிரண்டு கூறுகளைக் கொண்ட உரிமங்கள் முழுமையான கட்டற்ற உரிமங்களாகக் கருதப்படுவதில்லை. எனினும் அவற்றின் நிபந்தனைகளுக்குள் மாணவர் பயன்படுத்தலாம். உரிமைக்காலம் முடிந்த படைப்புகள் பொது உரிமைப் பரப்பைச் சேர்ந்தவை.

கிடைக்கும் இடங்கள்

2004 செப்டம்பரில் தொடங்கப்பட்ட விக்கிமீடியா பொதுவகம், வணிகப் பயன்பாட்டையும் மாற்றத்தையும் அனுமதிக்கும் கோப்புகளை மட்டுமே ஏற்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் உரிய பக்கத்தில் ஆக்கியவர், மூலம், உரிமம் ஆகியவை தரப்பட்டிருக்கும். ஓப்பன்வெர்சு தேடுபொறி பல தளங்களின் உரிமமிட்ட படங்களை ஒருங்கே தேடித்தருகிறது. பிளிக்கர் தளத்தில் உரிமத்தின்படி வடிகட்டித் தேடலாம். நாசா தானே உருவாக்கிய படங்கள் பொதுவாகப் பதிப்புரிமைக்கு உட்பட்டவை அல்ல. நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் கலை அருங்காட்சியகம், தன்னிடமுள்ள பொது உரிமைப் பரப்புப் படைப்புகளின் படங்களை 2017இல் கட்டின்றித் திறந்துவிட்டது.

பிக்சபே, அன்சுபிளாசு போன்ற தளங்கள் தமக்கென வகுத்த உரிமங்களைப் பின்பற்றுகின்றன. அவற்றைப் பயன்படுத்துமுன் நிபந்தனைகளைப் படிக்க வேண்டும். உரிமம் எதுவும் குறிக்கப்படாத படத்தை உரிமையுள்ள படம் என்றே கொள்ள வேண்டும். பிறர் படத்தைத் தம் படமெனப் பதிவேற்றுவோரும் உளர். ஒரே படம் பல தளங்களில் காணப்பட்டால் முதல் மூலத்தைத் தேடிப் பார்ப்பது நல்லது.

குறிப்பிடும் முறை

படத்தின் கீழ் தலைப்பு, ஆக்கியவர், மூலம், உரிமம் ஆகிய நான்கையும் எழுத வேண்டும். எடுத்துக்காட்டு:

தீர்த்தமலை, அடிவாரத் தோற்றம். படம்: (எடுத்தவர் பெயர்). மூலம்: விக்கிமீடியா பொதுவகம். உரிமம்: கிரியேட்டிவ் காமன்சு குறிப்பிடுதல்-அதே மாதிரிப் பகிர்தல் 4.0.

படத்தை வெட்டியோ நிறம் மாற்றியோ இருந்தால் அதையும் குறிக்க வேண்டும். "நன்றி: இணையம்" அல்லது "நன்றி: கூகுள்" என எழுதுவது குறிப்பிடுதல் ஆகாது. கூகுள் அப்படத்தை எடுக்கவில்லை.

தாமே படம் எடுத்தல்

பெருநகரங்களைக் காட்டும் கட்டற்ற படங்கள் பல கிடைக்கின்றன. சிற்றூர்களுக்கு அவ்வாறு கிடைப்பதில்லை. அரூர்ப் பகுதியின் மலையையோ, தென்பெண்ணை ஆற்றையோ, வாரச்சந்தையையோ பற்றி எழுதும் மாணவர் தாமே படம் எடுப்பது எளிய வழி. அதைக் கட்டற்ற உரிமத்தில் பொதுவகத்தில் பதிவேற்றினால் அடுத்து எழுதுபவருக்கும் பயன்படும். இந்நோக்கில் 2011 நவம்பர் முதல் 2012 பெப்ரவரி வரை தமிழ் விக்கிமீடியர்கள் ஊடகப் போட்டி ஒன்றை நடத்தினர்.

படமெடுக்கும் இடத்தின் விதிகள் பதிப்புரிமையிலிருந்து வேறானவை. தமிழகக் கோயில்களுக்குள் கைப்பேசி கொண்டுசெல்வதைத் தடை செய்யுமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் ஆணையிட்டது. எனவே தீர்த்தமலைக் கோயிலைப் படமெடுக்க விரும்புவோர் முன்னரே இசைவு பெற வேண்டும். மலையின் தோற்றத்தை வெளியிலிருந்து எடுக்கலாம். பிறரின், குறிப்பாகச் சிறுவரின், முகம் தெரியும் படங்களை வெளியிடுமுன் அவர்களிடமும் பெற்றோரிடமும் ஒப்புதல் பெறுவது முறையாகும்.